தோற்றவரின் கேள்வி

1830 பிப்ரவரி 15. பாரிஸ் அறிவியல் கழகத்தின் அமர்வில் ஒரு கட்டுரையைப் பற்றிய மதிப்புரை வாசிக்கப்பட்டது. கட்டுரையாளர்கள் மெராங்ஸ், லோரான்ஸே என்னும் இருவர். அறிவுலகம் அதுவரை பெரிதாக அறிந்திராதவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளும் எளியதே: கணவாய். முதுகெலும்புள்ள ஒரு விலங்கை நடுவுடலில் பின்புறமாக மடித்து, அதன் தலையும் பின்பகுதியும் ஒன்றையொன்று தொடுமாறு வைத்தால், கணவாயின் உள்ளுறுப்புகள் அமைந்திருக்கும் முறை கிடைத்துவிடும் என்பது அவர்களுடைய துணிபு. மதிப்புரையை வாசித்தவர் எத்தியேன் ஜெஃப்ருவா சான் இலேர். அவர் அக்கருத்தைப் பாராட்டியதோடு நில்லாமல், விலங்குலகம் முழுமைக்கும் ஒரே அமைப்புத்தான் என்று தாம் நெடுநாளாகக் கூறிவந்த கொள்கைக்கு அதை ஆதாரமாகவும் எடுத்துக்கொண்டார். அதே அவையில் அமர்ந்திருந்த ஜார்ஜ் க்யூவியே சினங்கொண்டார். அடுத்த ஏழு வாரங்களுக்கு அந்த அவை ஒரு போர்க்களமாயிற்று.

ஒரு கணவாயைப் பற்றி இரு முதியவர்கள் வாதிட்டதில் நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் அன்று அங்கே எழுந்த வினா மிக அடிப்படையானது. விலங்குகளை வகைப்படுத்தும்போது நாம் இழுக்கும் கோடுகள் இயற்கையிலேயே இருப்பவையா, அல்லது வேற்றுமைகளுக்கு அடியில் ஓடும் ஓர் ஒற்றுமையை அக்கோடுகள் நம் கண்ணுக்கு மறைக்கின்றனவா? இவ்வினாவின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

உடலின் அமைப்பைக் கொண்டு விலங்குகளைப் பிரிக்கும் முயற்சி பழமையானது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் விலங்குகளைக் குருதியுடையவை, குருதியற்றவை என இரண்டாகப் பகுத்தார். அவர் குருதி எனக் கொண்டது செங்குருதியை மட்டுமே. ஆதலின் அப்பகுப்பு ஏறத்தாழ முதுகெலும்புள்ளவை, அற்றவை என்னும் பிற்காலப் பகுப்போடு ஒத்துவிடுகிறது. நீரில் நீந்தினாலும் நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் ஓங்கிலை அவர் மீன்களோடு சேர்க்கவில்லை. வாழிடத்தை நம்பாமல் உடலை நம்பியதன் பயன் அது.

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளை ஆறு வகுப்புகளாக்கினார்: பாலூட்டிகள், பறவைகள், இருவாழ்விகள், மீன்கள், பூச்சிகள், புழுக்கள். முதல் நான்கில் அவர் காட்டிய கவனம் கடைசி இரண்டில் இல்லை. பூச்சிகளோடு நண்டும் சேர்ந்தது. ‘புழுக்கள்’ என்பதோ வேறெங்கும் இடம் கிடைக்காதவற்றையெல்லாம் போட்டு வைக்கும் பரண். மண்புழு, நத்தை, சிப்பி, கணவாய், நட்சத்திர மீன், ஜெல்லி மீன் யாவும் அங்கேதான் கிடந்தன. பின்னர் லாமார்க் அந்தப் பரணை ஒழுங்குபடுத்த முனைந்தார். 1801இல் ‘முதுகெலும்பற்ற விலங்குகள்’ என்னும் பெயரோடு ஒரு நூலே எழுதினார். அப்பெயர் இன்றும் வழங்குகிறது. எனினும் அது இல்லாமையைக் கொண்டு இட்ட பெயர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஓர் உயிரிடம் என்ன இல்லை என்று கூறுவது, அது எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு விடையாகாது.

*

அந்த விடையைத் தேடிய இருவரும் தொடக்கத்தில் நண்பர்கள். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1793இல், அரசரின் தோட்டம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அப்போது 21 வயதே நிரம்பிய ஜெஃப்ருவா அங்கே விலங்கியல் பேராசிரியரானார். 1795இல், நார்மண்டியில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துகொண்டே கடலுயிர்களை அறுத்து ஆராய்ந்துவந்த க்யூவியேயைப் பாரிசுக்கு வரவேற்றவர்களுள் அவரும் ஒருவர். இருவரும் அவ்வாண்டே பாலூட்டிகளின் வகைப்பாடு குறித்து ஒரு கட்டுரையைச் சேர்ந்து எழுதினர். 1798இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குச் செல்லும் வாய்ப்பு வந்தபோது ஜெஃப்ருவா கப்பலேறினார். க்யூவியே பாரிசிலேயே தங்கிவிட்டார். ஒருவர் நைல் நதியின் மீன்களோடும் முதலைகளோடும் திரும்பி வருவதற்குள், மற்றவர் தலைநகரின் அறிவுலகில் அசைக்கமுடியாத இடத்தைப் பெற்றுவிட்டார். 1803இல் க்யூவியே அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலர்களுள் ஒருவரானார்.

க்யூவியேயின் முறை கத்தியிலிருந்து தொடங்குகிறது. ஓர் உடலில் எந்த உறுப்பும் தனித்து இயங்குவதில்லை என்பது அவருடைய முதற்கொள்கை. ஊன் தின்னும் விலங்குக்குக் கிழிக்கும் பல் வேண்டும். அப்பல்லுக்கு வலிய தாடை வேண்டும். இரையைப் பற்ற நகம் வேண்டும். துரத்த விரைந்தோடும் கால் வேண்டும். ஊனைச் செரிக்கும் குடல் வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கண்டால் மற்றவற்றை உய்த்துணரலாம். வாழ்வதற்குத் தேவையான நிபந்தனைகளே உடலின் அமைப்பைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம்.

இம்முறையின் வலிமையை அறிய, தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மீன் ஒன்றே போதும். 1791 நவம்பரில், டேனியர் வசமிருந்த அவ்வூரில் டால்டோர்ஃப் என்னும் படையதிகாரி, குளக்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவிலிருந்து ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நம் மக்கள் அதற்கிட்ட பெயர் பனையேறி. மீன் உண்மையிலேயே பனையேறுமா என்பது பின்னாளில் ஐயுறப்பட்டது; ஆனால் அது நீரைவிட்டு வெளியேறித் தரையில் ஊர்ந்து செல்லும் என்பதில் ஐயமில்லை. க்யூவியேயை ஈர்த்தது அந்த வியப்பன்று; அது எவ்வாறு இயல்கிறது என்பதே. அம்மீனின் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக ஒரு புதிர்வழிபோல் அமைந்திருக்கின்றன. அவ்வமைப்பை வைத்தே அவர் பனையேறியையும் அதன் சுற்றத்தையும் மீன்களுள் ஒரு தனிக் குடும்பமாக்கினார். அம்மடிப்புகள் நீரைத் தேக்கிச் செவுளை ஈரமாக வைக்கின்றன என அவர் கருதினார். அவை காற்றையே மூச்சாக வாங்கும் உறுப்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. விளக்கம் திருத்தம் பெற்றது; ஆனால் நடத்தையின் காரணத்தை உறுப்பினுள் தேடச் சொன்ன அவருடைய முறை நிலைத்தது.

இந்த முறையை விலங்குலகம் முழுமைக்கும் விரித்து, 1812இல் ஒரு கட்டுரையிலும் பின்னர் 1817ஆம் ஆண்டிட்ட ‘விலங்குலகம்’ என்னும் பெருநூலிலும் அவர் நான்கு பெருங்கிளைகளை நிறுவினார். முதலாவது முதுகெலும்பிகள்: நரம்புத்தண்டு முதுகுப்புறத்தில், எலும்புக்குள் காக்கப்பட்டிருக்கும். இரண்டாவது மெல்லுடலிகள்: நரம்பு மண்டலம் சிதறிய திரள்களாக இருக்கும், எலும்புக்கூடு இல்லை. மூன்றாவது கண்டமுடையவை: மண்புழு, நண்டு, பூச்சி முதலியன, உடல் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்டு, நரம்புத்தண்டு வயிற்றுப்புறத்தில் ஓடும். நான்காவது ஆரையுடலிகள்: நட்சத்திர மீன், ஜெல்லி மீன் போல, உறுப்புகள் ஒரு மையத்தைச் சுற்றி ஆரக்கால்களாக விரிந்திருப்பவை.

இப்பகுப்பின் பெருமை அளவிடற்கரியது. லின்னேயஸின் ‘புழுக்கள்’ என்னும் பரண் காலியாயிற்று. மனிதனை உச்சியில் வைத்து மற்ற உயிர்களை அவனுக்குக் கீழே படிப்படியாக அடுக்கிய பழைய ஏணியும் முறிந்தது. கணவாய் தாழ்ந்த மீன் அன்று. அது தன் திட்டத்தில் நிறைவுபெற்ற வேறோர் உயிர். ஆனால் க்யூவியே ஒரு நிபந்தனையும் விதித்தார். நான்கு திட்டங்களுக்கும் இடையே பாலம் கிடையாது. ஒரு கிளையின் உறுப்பை இன்னொரு கிளையின் உறுப்போடு பொருத்திப் பார்ப்பது வீண்வேலை. கோடுகள் மதில்களாயின.

*

ஜெஃப்ருவாவின் மனம் வேறு வழியில் இயங்கியது. மனிதனின் கை, குதிரையின் முன்னங்கால், வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியவை செய்யும் தொழில்கள் வேறு வேறு. பயனை மட்டும் பார்ப்பவர்க்கு இவை நான்கு கருவிகள். உள்ளே பார்த்தாலோ, ஒரு மேலெலும்பு, பின் இரண்டு எலும்புகள், பின் மணிக்கட்டு எலும்புகள், பின் விரல்கள் என்னும் வரிசை எங்கும் தென்படுகிறது. எலும்பு நீளலாம், குறுகலாம், ஒன்றோடொன்று ஒட்டலாம், மறைந்தும் போகலாம். ஆனால் தன் அண்டை எலும்போடு இடம் மாற்றிக்கொள்வதில்லை. இதனை அவர் தொடர்புகளின் விதி என்றார்.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இவ்விதி புதிதாகத் தோன்றாது. ‘வந்தான்’ என்னும் சொல்லைப் பிரிக்கும் மாணவனை நினைத்துக்கொள்வோம். பகுதி ‘வா’, அது ‘வ’ எனக் குறுகி நிற்கிறது. சந்தியாக வந்த தகரம் நகரமாகத் திரிந்திருக்கிறது. அடுத்த தகரம் இறந்தகால இடைநிலை. ‘ஆன்’ ஆண்பால் விகுதி. ‘உண்பான்’ என்னும் சொல்லின் ஒலி முற்றிலும் வேறு. ஆயினும் அங்கும் காலங்காட்டும் உறுப்பு பகுதிக்கும் விகுதிக்கும் நடுவிலேயே நிற்கிறது. உறுப்பின் உருவம் திரியும், இடம் திரியாது. ஆகவேதான் உருவத்தால் அடையாளம் காணமுடியாத இடைநிலையையும் அது நிற்கும் இடத்தால் அடையாளம் காண்கிறோம். ஜெஃப்ருவா எலும்புகளைப் படித்தது இவ்வாறுதான்.

முதுகெலும்பிகளுக்குள் இவ்விதி செவ்வனே பொருந்தியது. அவர் அங்கே நிற்கவில்லை. 1822இல் ஒரு சிங்கிறாலை அறுத்து ஆராய்ந்தவர், அதனைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். கண்டமுடையவற்றில் நரம்புத்தண்டு வயிற்றுப்புறத்திலும் இதயம் முதுகுப்புறத்திலும் இருக்கின்றன; நமக்கோ அதற்கு நேர்மாறு. மல்லாத்திப் போட்ட இறாலில் நரம்பு மேலே, குடல் நடுவே, இதயம் கீழே என நம்முடைய வரிசையே வந்துவிடுகிறது! அப்படியானால் முதுகு, வயிறு என்பவை வெறும் பெயர்கள்தாமா? க்யூவியேயின் மதில்களுள் ஒன்றில் ஜெஃப்ருவா கண்ட வாசல் இது. 1830இல் கணவாயைக் கொண்டு அவர் திறக்க முயன்றது இன்னொரு வாசல்.

*

பிப்ரவரி 22ஆம் நாள் க்யூவியே விடையிறுத்தார். மடிக்கப்பட்ட ஒரு முதுகெலும்பியின் படமும் கணவாயினத்தின் படமும் அவையோர் முன் வைக்கப்பட்டன. இரண்டிலும் ஒத்த பெயருடைய உறுப்புகள் பல உண்டு. ஆனால் அவை அமைந்த இடம் வேறு, ஒன்றோடொன்று கொண்ட தொடர்பு வேறு. ஒன்றில் உள்ளவை சில மற்றதில் இல்லவே இல்லை. கணவாயின் உணவுக்குழல் மூளையின் நடுவே ஊடுருவிச் செல்கிறது என்னும் ஒரு செய்தியே போதும். எப்படி மடித்தாலும் எந்த முதுகெலும்பியிலும் அது நிகழாது. தொடர்புகளின் விதியை வகுத்தவரை அவ்விதியைக் கொண்டே மடக்கினார் க்யூவியே. ஒரே அமைப்பு என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள், ஒரே உறுப்புகள் என்றா, ஒரே வரிசை என்றா என்னும் அவருடைய கேள்விக்குத் தெளிவான விடை வரவில்லை. விவாதம் கணவாயிலிருந்து நாவடி எலும்புக்குத் தாவியது. ஏப்ரல் தொடக்கத்தில் அவையில் ஓய்ந்தது. சான்றுகளின் அளவில் க்யூவியே வென்றார் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் அவைக்கு வெளியே விவாதம் ஓயவில்லை. அவ்வாண்டு ஜூலை இறுதியில் பாரிசில் புரட்சி வெடித்து மன்னர் பத்தாம் சார்ல்ஸ் முடியிழந்தார். அச்செய்தி வைமார் நகரை எட்டிய ஆகஸ்ட் 2ஆம் நாள், எண்பது வயதான கெதே தம்மைக் காணவந்த நண்பர் சொரேயிடம் பாரிசில் எரிமலை வெடித்துவிட்டதாகப் பரபரப்புடன் பேசினாராம். நண்பர் ஆட்சிமாற்றத்தைப் பற்றிக் கூறத்தொடங்க, கெதே இடைமறித்துத் தாம் குறிப்பிட்டது க்யூவியே–ஜெஃப்ருவா விவாதத்தை என்றார். இந்நிகழ்ச்சி எக்கர்மனின் உரையாடல் நூலில் இடம்பெற்றுள்ளது. தாவர உறுப்புகள் யாவும் ஓர் அடிப்படை உறுப்பின் திரிபுகளே என்று எழுதியிருந்த கவிஞர், ஜெஃப்ருவாவிடம் தம் மனத்துக்கு இனமான ஒருவரைக் கண்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கும் ஜெஃப்ருவாவின் பக்கமே நின்றார். 1842இல் தம் நாவல் வரிசைக்கு எழுதிய முன்னுரையில் இவ்விவாதத்தைக் குறிப்பிட்டு, விலங்கினங்களைப்போலச் சமூகத்திலும் மனித இனங்கள் உண்டு என்னும் கருத்திலிருந்தே தம் திட்டம் பிறந்ததாகக் கூறினார். ‘தந்தை கோரியோ’ நாவலை ஜெஃப்ருவாவுக்குக் காணிக்கையாக்கினார். தோற்றவரைச் சுற்றி எழுத்தாளர்கள் கூடினர்.

*

வென்றவரின் மதில்கள் என்னவாயின? முதல் விரிசல் அதே 1830இல் விழுந்தது. பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் கொட்டலசை க்யூவியே மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் படைமருத்துவராக இருந்த ஜான் வான் தாம்சன், அதன் இளவுயிரி நீந்தித் திரியும் ஓர் இறால்குஞ்சைப் போன்றது எனக் கண்டு வெளியிட்டார். வளர்ந்த உடல் சிப்பிபோலத் தோன்றினாலும் அது நண்டின் இனம். உடலமைப்பை மட்டும் நம்பினால் போதாது, அவ்வுடல் உருவான வழியையும் பார்க்கவேண்டும் என்னும் பாடம் இதிலிருந்து கிடைத்தது.

ஆரையுடலிகள் என்னும் கிளை முற்றிலும் கலைந்தது. நட்சத்திர மீனின் இளவுயிரி நம்மைப்போல் இடம் வலம் என்னும் இருபுறச் சமச்சீர் உடையது. ஆரவடிவம் பின்னர் வந்தது. கருவில் முதலில் தோன்றும் துளை வாயாகாமல், வாய் வேறாகத் தோன்றும் பெருந்தொகுதியில் நட்சத்திர மீனும் நாமும் சேர்ந்தே இருக்கிறோம். கணவாயைவிட நட்சத்திர மீனே நமக்கு நெருங்கிய உறவு. கண்டமுடையவை என்னும் கிளையும் நிலைக்கவில்லை. 1997இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, நண்டும் பூச்சியும் தோலுரிக்கும் விலங்குகள் என்னும் வேறு தொகுதியில் உருளைப்புழுக்களோடு சேர்வதைக் காட்டியது. மண்புழுவோ மெல்லுடலிகளுக்கு அருகே சென்றுவிட்டது. நான்கில் இன்று நிற்பவை இரண்டு: மெல்லுடலிகளும் முதுகெலும்பிகளும். பின்னதும் தனித்து நிற்கவில்லை. கடலடியில் ஒட்டிக்கிடக்கும் பைபோன்ற ஓர் உயிரின் இளவுயிரியில் முதுகுநாண் இருப்பதை 1866இல் கோவலெவ்ஸ்கி வெளிப்படுத்தியபின், முதுகெலும்பிகள் இன்னும் பெரிய குடும்பம் ஒன்றின் உறுப்பினராயின.

அப்படியானால் ஜெஃப்ருவா சரியா? அவ்வாறும் கூறிவிட இயலாது. மடிக்கப்பட்ட முதுகெலும்பி அன்று கணவாய், இன்றும் அன்று. மீனின் செவுள்மூடி எலும்புகளே நம் காதின் சிற்றெலும்புகள் என்று அவர் 1818இல் எழுதியதும் பிழை. ஆனால் அவருடைய கேள்வி பிழையன்று. 1837இல் ரைகெர்ட் என்னும் ஜெர்மானியர் கருக்களை ஆராய்ந்து, அச்சிற்றெலும்புகளுள் இரண்டு, பிற முதுகெலும்பிகளின் தாடை மூட்டு எலும்புகளுக்கு நிகரானவை எனக் காட்டினார். 1859இல் டார்வின் இரு பகைவரையும் ஒரே பக்கத்தில் அமரச்செய்தார். அமைப்பின் ஒருமை பொது மூதாதையிடமிருந்து வந்தது. வாழ்வின் நிபந்தனைகள் இயற்கைத் தேர்வின் வழியே செயற்படுகின்றன. இரண்டும் வேண்டும், பின்னதுள் முன்னதும் அடங்கும்.

தலைகீழான சிங்கிறாலின் கதை இன்னும் வியப்புக்குரியது. நூறாண்டுக்கு மேலாக வேடிக்கைக் கற்பனையாகவே பெரும்பாலும் கருதப்பட்ட அது, 1990களில் மரபணு ஆய்வுக்கூடத்தில் மீண்டும் எழுந்தது. பழ ஈயின் கருவில் வயிற்றுப்புறத்தில் நரம்பு உருவாக உதவும் மரபணுவும், தவளைக் கருவில் முதுகுப்புறத்தில் அதே வேலையைச் செய்யும் மரபணுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என அறியப்பட்டது. 1996இல் டி ராபர்ட்டிஸ், சாசாய் ஆகிய இருவரும் ஜெஃப்ருவாவை நினைவுகூர்ந்து, முதுகும் வயிறும் இடம் மாறிய பொது மூதாதையைப் பற்றி எழுதினர். அதற்கு முந்தைய ஆண்டு, எலியின் கண்ணை உருவாக்கும் மரபணு ஒன்றை ஈயின் காலில் செயற்படவைத்தபோது, அங்கே ஒரு கண் முளைத்தது; எலியின் கண்ணன்று, ஈயின் கூட்டுக்கண். மதில்களுக்கு அடியில் நிலம் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

*

இன்று விலங்கியலார் முப்பதுக்கு மேற்பட்ட தொகுதிகளைக் கூறுகின்றனர். ஒவ்வொன்றும் ஓர் உடல்திட்டம் என்றே இன்றும் அறிமுகம் செய்யப்படுகிறது. அவ்வளவில் க்யூவியே வாழ்கிறார். ஆனால் அத்தொகுதிகளுக்கு இடையே உள்ளவை மதில்கள் அல்ல, கிளைகள் பிரிந்த கணுக்கள். அவ்வளவில் ஜெஃப்ருவா வாழ்கிறார்.

க்யூவியே 1832 மே மாதம் மறைந்தார். நண்பராகத் தொடங்கிப் பகைவராக முடிந்த ஜெஃப்ருவா மேலும் 12 ஆண்டுகள் இருந்தார்; 1840இல் பார்வையை இழந்து, 1844இல் காலமானார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றுமையைத் தேடியவர் கடைசி நாள்களைக் கண்ணின்றியே கழித்தார் என்று அணிநயம் பேசுவது எளிது. அவருக்கு அது துயரமாக மட்டுமே இருந்திருக்கும்.

விடைத்தாள் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்கு இவ்வரலாறு சற்று உறுத்தலானது. 1830ஆம் ஆண்டின் அந்த விடைத்தாள் நம் மேசைக்கு வந்திருந்தால், க்யூவியேக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்போம். ஜெஃப்ருவாவின் தாளில் சிவப்புக் கோடு இழுத்திருப்போம். அக்கோட்டில் தவறில்லை, அவர் எழுதிய விடை தவறுதான். அவருடைய கேள்வியைக் குறித்துவைத்துக்கொள்ளத் தாளின் ஓரத்தில் நாம் ஏதேனும் இடம் விட்டிருப்போமா என்பதுதான் ஐயம்.